பெட்ரோல் லோரியில் ஆவிக் கசிவு: ஊசித் துளையைத் தண்ணீரால் பிடிப்பது

எண்ணெய் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் இஞ்சின் இருமி இருமித்தான் எழுகிறது. இல்லையென்றால் ஸ்டேஷனில் நாசில் இரண்டு லிட்டருக்கு ஒருமுறை 'டக்'கென்று நின்றுபோகிறது. அதுவும் இல்லையென்றால் வண்டி எப்போதும்போல் ஓடுகிறது, மஞ்சள் இஞ்சின் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. இவை மூன்று வெவ்வேறு நோய்போல் தெரியும். ஆனால் மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து இஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பில். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்மண் தோட்டச் சாலையில் தினமும் ஓடும் லோரிகளுக்கு இது சீக்கிரமே வரும். பட்டறைக்குப் போனால் 'சென்சர் போச்சு' என்று ஆரம்பித்து ஒவ்வொரு பார்ட்ஸாக மாற்றிப் பார்ப்பார்கள். அத்தனைக்கும் அவசியமில்லை.

முதலில் வண்டி எது என்று பாருங்கள். டீசல் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, அதனால் இந்த அமைப்பும் அதில் இல்லை. டைஹாட்சு கிரான் மேக்ஸ் மாதிரி சின்ன பெட்ரோல் லோரி, வெளியிலிருந்து கொண்டுவந்த ஃபோர்டு எஃப்-150 மாதிரி அமெரிக்க பெட்ரோல் பிக்கப், இவற்றுக்குத்தான் இது. இவற்றிலும் ஒரு பிரிவு உண்டு. அமெரிக்க விதிப்படி செய்த வண்டி, டேங்க் கசிகிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும். ஐரோப்பிய விதிப்படி செய்த வண்டிக்கு, ஆவியை இஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அதனால் பல சின்ன லோரிகளில் ஹோஸ் கிழிந்து தொங்கினாலும் விளக்கு எரியாது. அங்கே மூக்குதான் சென்சர்.

அமைப்பு எளிதானது. டேங்கின் மேல்பக்கத்திலிருந்து ஓர் ஆவிக் குழாய் கரி டப்பாவுக்குப் போகிறது. டப்பா முழுக்கக் கரி மணிகள், வண்டி நிற்கும்போது அவை ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டப்பாவிலிருந்து இன்னொரு குழாய் இஞ்சின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டுக்குப் போகும், அதன் நடுவில் இருப்பது பர்ஜ் வால்வு. மூன்றாவது வாய் வெளிக்காற்றுக்கு. தானே கசிவு பார்க்கும் வண்டிகளில் அந்த வாயில் வென்ட் வால்வு இருக்கும். மின்சாரம் இல்லாதபோது பர்ஜ் மூடியிருக்கும், வென்ட் திறந்திருக்கும். இதை மட்டும் மறக்காதீர்கள், கீழே வரும் சோதனைகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இஞ்சின் சூடானதும் கம்ப்யூட்டர் பர்ஜை விட்டு விட்டுத் திறக்கும். வெளிக்காற்று வென்ட் வழியாக உள்ளே வந்து, கரியில் இருக்கும் பெட்ரோலைக் கழுவிக்கொண்டு இஞ்சினுக்குப் போய் எரிந்துவிடும்.

விளக்கு எரியும்போது கம்ப்யூட்டர் பதித்து வைக்கும் பிழைக் குறியீட்டை, அதாவது கோடை, படிக்கும் சின்னக் கருவி இணையக் கடைகளில் 20, 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். கைப்பேசியோடு சேரும் அந்த ரகமே போதும். பி0455 என்றால் பெரிய கசிவு. பி0442 என்றால் சின்னது, ஏறக்குறைய 1 மி.மீ. துளை அளவு. பி0456 இன்னும் சின்னது, 0.5 மி.மீ. பி0457 வந்தால் டேங்க் மூடி சரியாக மூடவில்லை. பி0441, பி0496, பி0497 மூன்றும் பர்ஜ் வழியாகப் போகும் ஓட்டம் சரியில்லை என்பவை. பி0443 பர்ஜின் மின்சுற்று, பி0446, பி0449 இரண்டும் வென்ட் பக்கம். ஆனால் கோடு சொல்வது எந்தச் சோதனை தோற்றது என்பதை மட்டும்தான், எந்தப் பொருள் கெட்டது என்பதை அல்ல. பி0446 வந்ததும் வென்ட் வால்வை வாங்கிப் போட்டுவிட்டு, பழைய வால்வின் வாயில் குளவிக்கூடு இருந்ததைப் பிறகு பார்ப்பவர்கள் நிறைய.

காசு செலவில்லாத இடங்களிலிருந்து தொடங்குவோம். டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். வெடிப்போ தட்டையான இடமோ தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். மூடி உட்காரும் கழுத்து விளிம்பையும் துணியால் துடையுங்கள், அங்கே ஒட்டும் செம்மண் தூசியே வளையத்தைத் தூக்கிவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் 'எல்லா வண்டிக்கும் சேரும்' மூடியை வாங்காதீர்கள். சரியான மூடிக்குள் அழுத்தத்துக்கும் வெற்றிடத்துக்கும் தனித்தனியாகத் திறக்கும் சின்ன வால்வு இருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டி மூடிகள் சிலவற்றில் வெறும் காற்றுத் துளைதான். திருகு அளவு சேர்ந்துவிடும், கசிவு நிற்காது.

அடுத்தது கரி டப்பாவின் வெளிக்காற்று வாய். டப்பா எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பின் சக்கரத்துப் பக்கம் சேசிஸ் ஓரத்தில் இருந்தால் சேறு நேராக அங்கேதான் அடிக்கும். மண்கூடு கட்டும் குளவிக்கு 8 முதல் 16 மி.மீ. குழாய் வாய் கிடைத்தால் அரண்மனை கிடைத்த மாதிரி. வண்டி ஒரு வாரம் கொட்டகையில் நின்றால் போதும், வேலையை முடித்திருக்கும். மண்ணைக் கம்பியால் உள்ளே தள்ளாதீர்கள், டப்பாவுக்குள் போய்விடும். ஹோஸைக் கழற்றி, வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள்.

வாய் அடைபட்டால் நடப்பது இரண்டு. எண்ணெய் ஊற்றும்போது டேங்கில் இருக்கும் காற்று வெளியேற வழி இல்லை. பெட்ரோல் கழுத்தில் எழும்பி நாசிலின் நுனித் துளையை மூடும், நாசில் நின்றுவிடும். இது முதலாவது. ஓடும்போது இஞ்சின் பர்ஜ் வழியாக இழுக்கிறது, ஈடுசெய்யக் காற்று உள்ளே வரவில்லை, டேங்கில் வெற்றிடம் ஏறுகிறது. இது இரண்டாவது, பிளாஸ்டிக் டேங்க் உள்வாங்கிப் போவதும் இதனால்தான். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று கேட்டால் ஒரு மெல்லிய காகிதத்தைக் கழுத்தருகே பிடியுங்கள். காகிதம் வெளியே தள்ளப்பட்டால் வெயிலில் சூடான ஆவி, அது சகஜம். உள்ளே இழுக்கப்பட்டால் பெரும்பாலும் வாய் அடைபட்டிருக்கிறது.

பிறகு எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள், அந்த ஊரில் லோரி மட்டும் தப்புமா? ரப்பர் ஹோஸ்களின் வளைவுகளையும், டேங்க் மேல் கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். பல் தடம் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள், டேப் சுற்றுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. மாற்றும் ஹோஸ் பெட்ரோலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். உறையின்மேல் ஜே30ஆர்7 (J30R7) என்று அச்சடித்திருந்தால் எடுக்கலாம். உள் அளவு பெரும்பாலும் 8 மி.மீ. தான், ஆனாலும் பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். மீன்தொட்டிக் குழாய் பெட்ரோல் ஆவியில் சில மாதத்தில் கல்லாகி உடையும். மிளகாய்ப் பொடி, கற்பூரம் எல்லாம் முதல் மழையோடு சரி. ஹோஸுக்குமேல் துருப்பிடிக்காத கம்பி வலையைச் சுருட்டிக் கட்டினால்தான் எலி விடும்.

இனி பர்ஜ் வால்வு. எண்ணெய் நிரப்பியதும் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். மூடாமல் மாட்டிக்கொண்ட பர்ஜ், டேங்கில் புதிதாக எழுந்த அவ்வளவு ஆவியையும் நேரே மேனிஃபோல்டுக்கு விட்டுவிடும், கலவை கெட்டியாகிவிடும். (அவசரத்துக்கு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் எழும்.) சோதிக்க ஒரு நிமிடம் போதும். இஞ்சினை ஓடவிட்டு, வால்வின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். கரி டப்பா பக்கத்து ஹோஸை உருவி, அந்த வாயில் விரலை வையுங்கள். இழுவை இருக்கவே கூடாது. இருந்தால் வால்வு மூடவில்லை. இணைப்பைக் கழற்றியதற்காக பி0443 பதிவாகலாம், பின்னால் அழித்துக்கொள்ளலாம்.

வால்வைக் கழற்றியும் பார்க்கலாம். மின்சாரம் இல்லாமல் ஊதினால் காற்று போகக்கூடாது, 12 வோல்ட் கொடுத்தால் 'கிளிக்' என்று திறந்து போக வேண்டும். மீட்டரில் சுருளின் தடை பொதுவாக 20 முதல் 35 ஓம் வரை இருக்கும். முடிவில்லாமல் காட்டினால் சுருள் அறுந்தது. ஊதுவதற்கு ஒரு துண்டு ஹோஸ் மாட்டிக்கொள்ளுங்கள், பெட்ரோல் வாசனையை நேராக வாயில் ஏற்றாதீர்கள். வால்வைத் தலைகீழாகத் தட்டும்போது கறுப்பு மணிகள் உதிர்ந்தால் விஷயம் பெரிது. கரி டப்பாவின் உள் வடிகட்டி உடைந்து மணிகள் பயணம் கிளம்பிவிட்டன. கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தால் வால்வு வேலை செய்யும், ஆனால் டப்பாவை மாற்றாதவரை அடுத்த மணி வந்து மறுபடியும் மாட்டும். டப்பாவை மாற்றும்போது அதற்கும் பர்ஜ் வால்வுக்கும் நடுவில் இருக்கும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவும் சரி, பி0442 அல்லது பி0456 மட்டும் போகவில்லை என்றால் ஊசித் துளையைத் தேட வேண்டும். பட்டறைகளில் இதற்குப் புகை இயந்திரம் இருக்கிறது. வீட்டில் பெயிண்ட் டின்னில் எண்ணெயும் சூடேறும் கம்பியும் வைத்துப் புகை கிளப்பும் முறையைச் செய்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்கோடு சூடான கம்பியைக் குழாயால் இணைக்கும் வேலை அது. செய்யாதீர்கள். தண்ணீரே போதும்.

வேண்டியவை: 6 மி.மீ. ஒளி ஊடுருவும் குழாய் 2 மீட்டர் (மீன்தொட்டிக் குழாய் இங்கேதான் உதவும்), மூன்று வாயுள்ள ஒரு டி இணைப்பு, ஒரு பலகை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்து, வென்ட் வாயை அடைக்க ரப்பர் அடைப்பான். குழாயைப் பலகையில் 'யூ' வடிவில், கைகள் இரண்டும் 40 செ.மீ. உயரம் வருமாறு கட்டுங்கள். இரு பக்கமும் 20 செ.மீ. வரை தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு நீலம் விடுங்கள், கண்ணுக்குத் தெரியும். ஒரு கை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கட்டும். மறு கையை டியில் மாட்டுங்கள். டியின் இன்னொரு வாயில் ரப்பர் பந்து, மூன்றாவது வாய் பர்ஜிலிருந்து உருவிய கரி டப்பா பக்கத்து ஹோஸுக்கு. பந்தின் திருகை இறுக்கி மூடிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே கசியும்.

இந்த 40 செ.மீ. சும்மா சொன்ன அளவு அல்ல. டயர் காற்றை அளக்கும் 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது ஏறக்குறைய 70 செ.மீ. தண்ணீர். கைகளின் உயரம் 40 என்றால் வித்தியாசம் 40ஐத் தாண்டியதும் தண்ணீர் வெளியே கொட்டிக் காற்று தப்பிவிடும், அதாவது 0.57 பி.எஸ்.ஐ.க்குமேல் டேங்கில் ஏறவே ஏறாது. அளக்கும் கருவியே பாதுகாப்பு வால்வும் ஆகிவிடுகிறது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதில் மாட்டினால் தண்ணீர் தெறிப்பதற்குள் டப்பா பிளந்துவிடும்.

வண்டியைத் திறந்த வெளியில், நிழலில் நிறுத்துங்கள், விடிகாலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. வெயில் பட்டால் டேங்கில் ஆவி பெருகி, கசிவே இல்லாததுபோல் தண்ணீர் ஏறிக் காட்டும். வீட்டு முன்புறம் சாமி விளக்கோ கொசுவத்திச் சுருளோ எரிந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். நிறையப் பேர் மறப்பது அதைத்தான். டேங்கில் பாதி பெட்ரோல் இருப்பது நல்லது, முழுக்க இருந்தால் உள்ளே மிதவை வால்வு ஆவிக் குழாயை மூடிவிடும்.

வென்ட் வாயை அடைத்துவிட்டுப் பந்தை மெதுவாக அமுக்குங்கள். தண்ணீர் வித்தியாசம் 25 செ.மீ. வந்ததும் நிறுத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 20 லிட்டர் காலி இடமுள்ள டேங்கில் இந்த அளவுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்று போதும், பந்தை எட்டுப் பத்து முறை அமுக்கினாலே வந்துவிடும். முப்பது முறை அமுக்கியும் தண்ணீர் அசையவில்லை என்றால் மூடியோ ஹோஸோ எங்கேயோ திறந்தே கிடக்கிறது. அதே டேங்கில் 0.5 மி.மீ. துளை இருந்தால், காகிதக் கணக்குப்படி 25லிருந்து 20க்கு இறங்கக் கால் நிமிடம்தான், முழுதும் இறங்க இரண்டு நிமிடம். 1 மி.மீ. துளைக்கு எல்லாமே அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கினால் அது கசிவல்ல, விட்டுவிடலாம்.

அதைவிட வேகமாக இறங்கினால் துளையைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். டேங்குக்கும் கரி டப்பாவுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் இருக்கும் இடத்தில் கிளாம்ப் போட்டு மறுபடியும் ஏற்றுங்கள் (நைலான் குழாயில் கிளாம்ப் போடாதீர்கள், வெடித்துவிடும்). இப்போது பிடித்து நின்றால் கசிவு டேங்க் பக்கம், நிற்கவில்லை என்றால் டப்பா பக்கம். ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, பிரஷால் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினால் நுரை எழும் இடம் தெரிந்துவிடும். டேங்க் பக்கத்தில் இரண்டு இடம் அடிக்கடி ஏமாற்றும். சக்கர வளைவுக்குப் பின்னால் ஈர மண் படிந்து கிடக்கும் இரும்புக் கழுத்துக் குழாய் ஒன்று, மண்ணைக் கழுவினால்தான் துரு ஓட்டை கண்ணில் படும். மற்றது பம்ப் மேல்மூடியின் ரப்பர் வளையம். பம்ப் மாற்றிய கையோடு விளக்கு எரிந்திருந்தால், பழைய வளையத்தையே முறுக்கித் திரும்பப் போட்டிருப்பார்கள். புது வளையம் சில வெள்ளிதான், டேங்கை இறக்கும் கூலிதான் அதிகம். அதனால் கழுத்தை முதலில் பாருங்கள்.

வென்ட் வால்வு மூடுகிறதா என்று பார்க்க, அடைப்பானை எடுத்துவிட்டு அதற்கு 12 வோல்ட் கொடுத்து இதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். 5 ஆம்ப் பியூஸ் போட்ட ஒயரை முதலில் வால்வில் மாட்டி, பேட்டரி முனையை மட்டும் கடைசியாகத் தொடுங்கள். பொறி பறந்தால் டேங்கிலிருந்து தூரத்தில் பறக்கட்டும்.

கரி டப்பாவைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். நாசில் நின்ற பிறகும், கணக்கு முழு வெள்ளியாக வர வேண்டும் என்று இரண்டு மூன்று முறை அமுக்குவது நம்மிடம் உள்ள பழக்கம். அந்த உபரிப் பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாகத் திரவமாகவே டப்பாவில் இறங்கும். ஆவியை உறிஞ்சத்தான் கரி, திரவத்தில் ஊறினால் மணிகள் நொறுங்கும். கழற்றித் தூக்கிப் பாருங்கள், வழக்கத்துக்கு மாறாகக் கனத்தால், சாய்த்ததும் பெட்ரோல் வடிந்தால், அல்லது ஆட்டினால் பொடி கொட்டினால் அது முடிந்த கதை. தண்ணீரில் கழுவுவதும் அடுப்புப் பக்கம் காயவைப்பதும் வேண்டாம். ஈப்போவில் ஹாஃப்கட் கடைகள் (வெட்டிய பழைய வண்டிகளின் பார்ட்ஸ் விற்பவை) நிறைய உண்டு, பழைய டப்பாவைக் காட்டி அதே மாதிரி எடுங்கள். தானே கசிவு பார்க்காத சின்ன லோரிக்கு மூன்று வாயும் அளவும் சேர்ந்தால் வேறு வண்டி டப்பாவும் ஓடும். அமெரிக்க பிக்கப்பில் அந்த விளையாட்டு வேண்டாம், சென்சர் காட்டும் அளவு மாறிவிடலாம். பர்ஜ் வால்வு வாங்கும்போது ஒரு 9 வோல்ட் பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடையிலேயே 'கிளிக்' கேட்டுவிட்டுக் காசு கொடுக்கலாம். டப்பாவை எடுத்துவிட்டு ஹோஸை அடைத்தால் போதும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால், மூடியில் இருக்கும் வால்வு ஒன்றை மட்டும் நம்பி டேங்க் நிற்கும். அடைக்காமல் திறந்து விட்டால் கேபினில் நாற்றம், வெப்பமான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஆவி.

சேறும் குளவியும் திரும்பி வராமலிருக்க வென்ட் வாயை மேலே ஏற்றுவது நல்லது. அதே உள்ளளவு ஹோஸை, பல வண்டிகளில் 16 மி.மீ., டப்பாவிலிருந்து சேசிஸுக்குமேல் நனையாத இடம்வரை கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். அளவு குறைந்த ஹோஸ் போட்டால் நாசில் மறுபடியும் நிற்க ஆரம்பிக்கும். நுனியில் மெல்லிய கம்பி வலையை வைத்துக் கிளிப் போடுங்கள். துணியோ பஞ்சோ வேண்டாம், செம்மண் தூசியில் ஒரு மாதத்தில் அடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் பதிவான பிழைக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும், ஆனால் அமைப்பு தேறியதாக அர்த்தமில்லை. அழிக்காமல் விட்டால் பெரும்பாலும் மூன்று நல்ல ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானே அணையும். வண்டி தானே செய்யும் கசிவுச் சோதனை நினைத்தபோதெல்லாம் ஓடாது. டேங்க் பொதுவாக 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும், வெளிக்காற்று அதிகம் சூடாக இருக்கக்கூடாது. நம் ஊர் நண்பகலில் 33, 34 டிகிரி வெயிலில் பல வண்டிகள் சோதனையைத் தொடங்குவதே இல்லை. அரை டேங்க் வைத்துக்கொண்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற விடிகாலை நேரத்துக்கு வண்டியை எடுத்து, ஓர் அரை மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். மூன்று நான்கு காலை இப்படி ஓட்டிய பிறகும் கருவியில் ஆவிச் சோதனை 'முடிந்தது' என்று காட்டவில்லை என்றால் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைப் பாருங்கள், அது தவறாகக் காட்டினாலும் கம்ப்யூட்டர் சோதனையைத் தொடங்காது.